கதிரைக் கடையின் முதற்பக்கம்

இணையத்தளம் என்பது கல்யாணப் பத்திரிகையின் பெரியண்ணன் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா பேச்சுக்கு நம்பவில்லை; அந்த நம்பிக்கைக்கு மாதா மாதம் சம்பளமும் வாங்கினேன். மேலே பிள்ளையார், அவருக்குக் கீழே குடும்பத்துப் பெரியவர்கள் வயது வரிசைப்படி, நடுவில் விஷயம், கடைசி மூலையில் பொடி எழுத்தில் தொலைபேசி இலக்கம். பத்திரிகையை வாங்கியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ் வரை வாசித்து, யாருடைய பெயர் விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, சண்டைக்குத் தயாராவார் இல்லையா? தளத்துக்கு வருகிறவரும் அப்படியே உட்கார்ந்து வாசிப்பார் என்று நினைத்தேன்.

அவர் வாசிக்கவே மாட்டார் என்பது எனக்குப் புரிந்த விதத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணில் கோளாறு வந்ததால் போன வருடம் கொஞ்சம் முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிறேன். கண்டியில் நான் வேலை செய்த அலுவலகத்துப் பிள்ளைகள் அவ்வப்போது போனில் பேசுவார்கள். இப்போதெல்லாம் ஒரு கடைக்குத் தளம் வேண்டுமென்றால் கணினியிடம் ஒரு வரி சொன்னால் போதுமாம், தேநீர் ஆறுவதற்குள் நாலைந்து மாதிரிகளைச் செய்து நீட்டுகிறதாம். பார்த்தேன். அழகாகத்தான் இருந்தன. வயிறு எரிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, தர்ஷினி, முன்பு ஒரு நாற்காலி வாடகைக் கடைக்கு நான் செய்த தளத்தை நினைவில் வைத்து, போன வாரம் இப்படிச் சொன்னாள்: “அண்ணே, அது கேட்டதெல்லாம் தருது. என்னா கேக்கணும்னுதான் நமக்குத் தெரியல. அந்தக் கதிரக் கடைக்கு நீங்க எப்படித் திட்டம் போட்டீங்கன்னு எழுதித் தாங்களேன்.”

திட்டமா? பயத்தில் உளறிச் செய்ததற்கெல்லாம் பிற்காலத்தில் அப்படி ஒரு பெயர் கிடைத்துவிடுகிறது. கிடைத்ததை விடுவானேன் என்று எழுத உட்கார்ந்தேன்.

நான் ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு அச்சுக் கோர்த்துக்கொண்டிருந்தவன். கணினி வந்ததும் கணினியில் கோர்த்தேன். பத்திரிகைகள் வாட்ஸ்அப்பில் போகத் தொடங்கியதும் அச்சகம் சுருங்கியது. நான் இணையத்தளம் செய்யும் அலுவலகத்துக்குத் தாவினேன். நேர்முகத்தில் “பாவனையாளர் என்றால் யார்?” என்று கேட்டார்கள். “காசு தருகிற முதலாளி” என்றேன்; தளத்தைப் பயன்படுத்துகிறவர் என்பதுதான் சரியான பதிலாம். ஆள் கிடைக்காத காலம், எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஃபஸீலா மிஸ். என்னை விட வயதில் சற்று இளையவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. முதலாளிமார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் ‘ஏலாது’ என்ற சொல் வராது. “செய்வோம்” என்பார். செய்தும் கொடுப்பார். ஆனால் அதை முதலில் அந்த முதலாளியின் சொந்தப் போனில் மட்டும் திறக்கும்படி போட்டுக் கொடுத்து, “ஒரு கிழமைக்கு உங்கட போன்ல ஈக்கட்டும். போற வாற இடத்தில எல்லாம் தொறந்து பாருங்க. பொறகு என்னட்ட செல்லுங்க” என்பார். அந்த ஏழு நாளும் கழிந்ததும் முதலாளி தானாக வந்து, தான் கேட்டதை எடுத்துவிடச் சொல்லுவார். மிஸ் அதற்கும் “செய்வோம்” என்பார்.

வேலை தொடங்கும்போது கணினியைத் தொட விடமாட்டார். ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து, அதில் ஒரு கால்பங்கை எனக்கு முன்னால் தள்ளுவார். அதுதான் போன் திரை. அதில் அடங்காதது எதுவும் முதற்பக்கத்தில் இல்லை. பிறகு அந்தத் தாளின் மேல் தன் கட்டைவிரலை வைத்துக் காட்டுவார். விரல் எட்டாத மூலையில் நான் இலக்கத்தை எழுதியிருந்தால் பேசாமல் தாளைத் திருப்பித் தருவார். என் பத்திரிகைப் புத்தி எப்போதும் அந்த மூலைக்குத்தான் ஓடும். எத்தனை தாள் கிழித்தேன் என்பது குப்பைக் கூடைக்குத் தெரியும்.

தாளுக்கு மேலே ஒரேயொரு கேள்வியை எழுதச் சொல்லுவார்: வருகிறவர் எதற்காக வருகிறார்? நான் முதன்முதலில் எழுதிய பதில், ‘எங்கள் கடையின் பெருமையை அறிந்துகொள்ள.’ மிஸ் அதை நீண்ட நேரம் பார்த்தார். “மூர்த்தி, நீங்க கடைசியா எந்தக் கடைட பெருமைய அறியப் போனீங்க?” என்றார்.

இன்னொன்று, இஞ்சி டொபி. அவருடைய மேசை லாச்சியில் எப்போதும் ஒரு பொதி இருக்கும். தளத்தை வெளியாள் ஒருவரிடம் கொடுத்துப் பாவித்துப் பார்க்கச் சொல்லும்போது நாங்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. அவர் தவறான இடத்தில் அழுத்தினால், தவறு அவருடையதில்லை, எங்களுடையது. எனக்கோ வாய் சும்மா இருக்காது. “இல்லங்க, அந்தப் பக்கம், மேல, மேல” என்று பந்து விளையாட்டுக்கு வர்ணனை சொல்வது போலத் தொடங்கிவிடுவேன். ஆகவே சோதனை தொடங்குமுன் மிஸ் எனக்கு ஒரு டொபியை உரித்துத் தருவார். பல்லில் ஒட்டும் வகை. அது கரையும் வரை நான் ஊமை.

இப்படி இருக்கும்போதுதான் ராமையா முதலாளி வந்தார்.

பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரமாக அவருடைய வாடகைச் சாமான் கடை. பிளாஸ்டிக் கதிரை, தகரக் கொட்டகை, சமையல் அண்டா, வயரோடு மின்குமிழ்: வீட்டில் நாலு பேர் கூடினால் தேவைப்படும் எல்லாம் அங்கே உண்டு. கடைக்கு மேலே பஸ் நீளத்துக்கு ஒரு பெயர்ப்பலகை. கண்டிக்குப் போகிற வருகிற எல்லாருடைய கண்ணிலும் அது பட்டிருக்கும். வீட்டில் ஒரு தேவை என்று வந்ததும் நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான்.

கட்டடத்தின் சொந்தக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். தைப்பொங்கல் முடிந்ததும் விட வேண்டும். கிடைத்த புது இடம் உள்ளே ஒரு சந்தில், பஸ் போகாத இடத்தில். ராமையா முதலாளி எங்கள் அலுவலகக் கதிரையில் உட்கார்ந்து, அது யாருடைய கடைக் கதிரை என்று பழக்கதோஷத்தில் கவிழ்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கதிர எல்லார்ட்டயும் இருக்குங்க மிஸ். எங்கிட்ட இருந்தது அந்த போர்ட் மட்டுந்தான். அது போனா, லொறிக்காரன், கொட்டக கட்டுற ஆளுங்க, நான், எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த போர்ட தூக்கி போனுக்குள்ள வச்சுத் தாங்க.”

இதை விடத் தெளிவாக எந்த முதலாளியும் எங்களிடம் பேசியதில்லை. நான் உடனே தாளை மடித்தேன். என்ன வரைந்தேன் என்கிறீர்கள்? பிள்ளையார். அவருக்குக் கீழே ராமையா முதலாளியின் இரண்டு அண்ணன்மார், கடைசியில் அவர், வயது வரிசைப்படி, மூத்தவர் தலைப்பாகையோடு. முதலாளிக்கு ஆனந்தம். திறந்ததும் நாதஸ்வரம் ஒலிக்க வேண்டும் என்று தன் பங்குக்கு அவரும் சேர்த்துக்கொண்டார். மிஸ் “செய்வோம்” என்றார். ஒரு கிழமைக்கு அவருடைய போனில் போட்டுக் கொடுத்தோம்.

அந்தக் கிழமையில் மிஸ் என்னையும் முதலாளியையும் வேனில் ஏற்றி ஹுன்னஸ்கிரியவுக்குக் கூட்டிப் போனார். அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கொட்டகை எடுக்க வருவார்களாம். ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நிறுத்தி, “இப்ப தொறந்து பாருங்க முதலாளி” என்றார். மலையில் சிக்னல் ஒரு கோடு. அதுவும் மேகம் விலகினால். திரையில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. தேநீர் வந்தது. குடித்தோம். ராமையா முதலாளி போனைப் பார்த்து, “பெரியண்ணன் நெத்தி வரைக்கும் வந்துட்டாரு” என்று அறிவித்தார். இன்னொரு தேநீர் சொன்னோம். மூக்கு வந்தபோது மழை வந்தது. இறங்கி வரும் வழி முழுக்க முதலாளி போனைத் திறந்து திறந்து பார்த்தார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டியதும், “அண்ணனுங்கள வேற எங்கயாச்சும் வச்சுக்கலாமா?” என்றார்.

நாதஸ்வரம் அதற்கு இரண்டு நாள் கழித்துப் போனது. ஒரு துக்க வீட்டுக்குக் கதிரை இறக்கப் போயிருந்தவரிடம், அந்த வீட்டு உறவினர் யாரோ கடை இலக்கத்தைக் கேட்டிருக்கிறார். முதலாளி பெருமையாகப் போனை எடுத்துத் தளத்தைத் திறந்திருக்கிறார். பிறகு நடந்ததை அவர் எங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. “கெட்டிமேளம் மிஸ். நிப்பாட்டவும் தெரியல. கொல்லப்பக்கம் ஓடிட்டேன்” என்று மட்டும் சொன்னார். நான் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. “அந்த வீட்டு மனுசர் இந்தப் பக்கத்தத் தொறந்திருந்தா?” என்று கேட்டார்.

அங்கேதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அதே கதிரைதான் கல்யாணத்துக்கும் போகிறது, அதே கதிரைதான் சாவுக்கும் போகிறது. முதலாளி ஒரு பிடியில் நின்றார்: முதற்பக்கத்தில் சாவு பற்றி ஓர் எழுத்தும் வரக் கூடாது. நாள் வைத்துவிட்டு வருகிறவர்கள் கண்ணில் அது பட்டால் எழுந்து அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். அவர் சொன்னது சரி. நானும் அப்படித்தான் போவேன். அவருடைய மனைவி சரோஜாக்கா, கடைக்கு வரும் போன் அழைப்புகளை எல்லாம் எடுப்பவர், மறு பிடியில் நின்றார். வருகிற அழைப்பில் பாதிக்கு மேல் துக்க வீடு. “அழுதுகிட்டு இருக்கவங்க மாப்ள பொண்ணு படமா தள்ளித் தள்ளி நம்பரத் தேடணுமா? நல்லாவாங்க இருக்கு?” என்றார். அவர் சொன்னதும் சரி. புருஷன் பெண்டாட்டி இருவரும் சரியாகப் பேசினால் நடுவில் இருப்பவன் கதி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் வரைந்தேன். இரண்டு பட்டன்: ‘மங்கலம்’, ‘துக்கம்’. முதலாளி காதைப் பொத்தினார். துக்கத்தைச் சொல்லாமல் ஒரு தாமரைப் பூ மட்டும் போட்டேன். பார்த்தவர் பூக்கடை என்றார். கடைசியில் என் மூளை முழுவதையும் பிழிந்து ‘ஏனைய நிகழ்வுகள்’ என்று ஒரு பட்டன் வைத்தேன். அலுவலக மொழி, யாருக்கும் உறுத்தாது என்று நானே என் தோளைத் தட்டிக்கொண்டேன். மிஸ் தாளைப் பார்த்தார்.

“மௌத்தான மனுசர் ஏனையவா மூர்த்தி?”

தாள் குப்பைக் கூடைக்குப் போனது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. மிஸ் எனக்கு ஒரு புது வேலை கொடுத்தார்: பிலிமத்தலாவைக்குப் போய், ஒரு கிழமைக்குச் சரோஜாக்காவின் இடத்தில் உட்கார்ந்து கடைப் போனை எடுக்க வேண்டும். வரைய வேண்டாம், யோசிக்கவும் வேண்டாம், போனை மட்டும் எடுத்தால் போதும் என்றார். யோசிக்க வேண்டாம் என்றது எனக்குப் பொருத்தமான வேலையாகப் பட்டது.

முதல் நாள், முதல் அழைப்பு. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பத்திரிகை அடித்த காலத்துப் பழக்கத்தில், குரலில் சர்க்கரை தடவி, “வணக்கம்ங்க, சொல்லுங்க. என்ன விசேஷம்? கல்யாணமா, காதுகுத்தா?” என்றேன்.

அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதாக்கும் என்று “ஹலோ, ஹலோ” என்றேன். பிறகு ஒரு பெண் குரல், “அப்பா...” என்றது. அவ்வளவுதான்.

என் கை தானாகப் போனைச் சரோஜாக்காவிடம் நீட்டியது. கால்கள் என்னை அண்டாக்களுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தின. அங்கே நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. வெளியே வந்தபோது சரோஜாக்கா லொறியை அனுப்பியே விட்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. “அண்டா கழுவித்தான் வச்சிருக்கு, உள்ளயே எறங்கிருந்தாலும் அழுக்காயிருக்க மாட்டீங்க” என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகும் போன் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விசேஷம் என்ற சொல்லைத் தொடவே பயம். என்ன காரியம் என்று கேட்கவும் பயம். எதையும் கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே கோழைத்தனமாக ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தேன்; எந்தப் பக்கம் விழுந்தாலும் அடிபடாத கேள்வி. போனை எடுப்பேன், கடைப் பெயரைச் சொல்லுவேன், “எப்பங்க வேணும்?” என்பேன். அவ்வளவுதான்.

“ஆவணி கடைசிலங்க. நாள் இன்னும் சரியா பாக்கல” என்பார் ஒருவர். மூச்சு விடுவேன். சர்க்கரையை எடுத்துத் தடவுவேன். “இப்பவே கெடைக்குங்களா?” என்பார் இன்னொருவர். குரலை இறக்கி, எந்த இடம் என்று கேட்டு, லொறிக்குச் சைகை காட்டுவேன். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்ல வேண்டி வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க இப்படியே தப்பித்தேன்.

அலுவலகம் திரும்பியதும் மிஸ் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஒளிந்தேன் என்று உள்ளதை ஒப்புக்கொண்டு, எப்படி ஒளிந்தேன் என்பதையும் சிரிப்புக்காகச் சொன்னேன். “நல்ல காலம் மிஸ், கல்யாணத்துக்கு எவனும் இன்னைக்கே கதிர கேக்க மாட்டான், செத்த வீட்டுக்கு எவனும் அடுத்த மாசத்துக்குச் சொல்லி வைக்க மாட்டான். எப்பன்னு மட்டும் கேட்டா தப்பிச்சுக்கலாம்.”

மிஸ் வாயில் டொபி இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார். ஒரு தாளை மடித்து என் முன்னால் தள்ளினார்.

“அத எழுதுங்க.”

“எத மிஸ்?”

“நீங்க ஒளிஞ்ச எடத்த.”

அந்தத் தாள் இப்படி அமைந்தது. மேலே ஒரே வரி: கதிரை, கொட்டகை, சமையல் பாத்திரம் வாடகைக்கு, பிலிமத்தலாவை. அதன் கீழே ஒரேயொரு படம்: வெறும் புல்வெளியில் வரிசையாக வெள்ளைக் கதிரைகள், யாரும் உட்காரவில்லை. யார் உட்காரப் போகிறார்கள் என்று படத்துக்கும் தெரியாது. அதற்குக் கீழே, ‘எப்போது வேண்டும்?’ கட்டைவிரல் தானாக விழும் இடத்தில் இரண்டு பட்டன்கள். ஒன்று, ‘இன்று அல்லது நாளை.’ மற்றது, ‘பிறகு ஒரு நாள்.’ மொழி மாற்ற மேலே தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று அந்தந்த எழுத்திலேயே. அவ்வளவுதான்.

முதல் பட்டனை அழுத்தினால் வேறு பக்கம் எதுவும் வராது. நேரே கடைக்கு அழைப்பு போகும். பெயர் எழுது, முகவரி எழுது, எத்தனை பேர் என்று எழுது என்று எதையும் கேட்கக் கூடாது. அந்த நேரத்தில் மனிதருக்குத் தன் பெயரே மறந்திருக்கும். இரண்டாவது பட்டனுக்குள்தான் நாட்காட்டி, மணமேடை, விலை, பிள்ளையார், வயது வரிசைப்படி அண்ணன்மார், என்னுடைய கல்யாணப் பத்திரிகை முழுவதும். பிள்ளையாரை இரண்டாவது பக்கத்துக்கு அனுப்பியதில் பிள்ளையாருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. ராமையா முதலாளிக்கு இருந்தது. “என்னா காரியத்துக்குன்னே சொல்லாத ஒரு கடையா?” என்றார். மிஸ் வழக்கம் போல ஒரு கிழமைக்கு அவர் போனில் போட்டுக் கொடுத்தார். இந்தத் தடவை அவர் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. எதையும் சேர்க்கவும் சொல்லவில்லை.

சோதனைக்கு அலுவலகத்துக்குக் கீழே நிற்கும் முச்சக்கர வண்டிக்காரரைக் கூப்பிட்டோம். அயல் வீட்டில் ஒரு துக்கம், அவசரமாகக் கதிரை வேண்டும், எடுத்துத் தாருங்கள் என்று மிஸ் சொன்னார். எனக்கு டொபி கிடைத்தது. மனிதர் போனை வாங்கினார். அவ்வளவு பெரிய பட்டனை விட்டுவிட்டு, படத்தில் இருந்த கதிரையை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு கதிரையை அழுத்தினார். நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பல்லில் ஒட்டிய இஞ்சியோடு, கண்ணால் பட்டனைக் காட்ட முயன்றேன். “இவருக்கு என்னமோ வலிக்கிது மிஸ்” என்றார் வண்டிக்காரர். படத்தில் கதிரையை அழுத்துகிற ஆள் முட்டாள் இல்லை, அவருக்குக் கதிரை வேண்டும், கதிரையைத் தொடுகிறார். அன்று மாலையே படத்தைச் சிறிதாக்கி, படத்தைத் தொட்டாலும் பக்கம் பட்டன்களுக்கு இறங்கும்படி செய்தோம்.

இரண்டாவது பட்டனில் ஓர் ஓட்டையைச் சரோஜாக்கா கண்டார். முப்பத்தோராம் நாள் காரியத்துக்குச் சொல்லி வைக்கிறவரும் ‘பிறகு ஒரு நாள்’ என்றுதானே அழுத்துவார், அவர் முன்னால் மணமேடை வந்து நிற்குமே என்றார். மேடைகளை எல்லாம் அள்ளி இன்னும் ஒரு படி உள்ளே தள்ளினோம். நாட்காட்டிக்குக் கீழே முதலில் வெறும் சாமான்கள் மட்டும்.

தை பிறந்தது. புதுக் கடையும் புதுத் தளமும் ஒரே நல்ல நேரத்தில் திறப்பதென்று முடிவாகியது. “நேரத்த நீங்க பாருங்க, தளம் ஈக்கிற சேர்வர நான் பாக்குறன்” என்று மிஸ் கண்டி அலுவலகத்தில் இருந்துகொண்டார். நான் சந்துக்குப் போனேன். பழைய பெயர்ப்பலகையைக் கழற்றிக் கொண்டுவந்து சுவரில், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார்கள். லொறிக்கு மாலை. மேசையில் தளத்துக்கென்றே வாங்கிய புதுப் போன், அதற்கும் ஒரு சந்தனப் பொட்டு. அந்த இலக்கம் தளத்தில் மட்டும்தான் இருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. தேங்காய் உடைத்தார்கள். கற்கண்டு கொடுத்தார்கள். பிறகு எல்லாரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம்.

போன் அடிக்கவில்லை.

கொட்டகை கட்டுகிறவர்கள் தங்களுக்குள் ஏதோ பேசி நிறுத்தினார்கள். ராமையா முதலாளி போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவரில் திரும்பி நிற்கும் பலகையைப் பார்த்தார். பட்டன் வேலை செய்யவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கால் கழுவப் போவது போல வெளியே போய், சந்து முனையில் மறைந்து நின்று, என் போனில் தளத்தைத் திறந்து ‘இன்று அல்லது நாளை’யை அழுத்தினேன். உள்ளே மணி அடித்தது. கதிரைகள் உருளும் சத்தம் கேட்டது. “வணக்கங்க! சொல்லுங்க!” என்று முதலாளியின் குரல் காதிலும் சந்திலும் ஒன்றாக ஒலித்தது.

“நான்தான் மூர்த்தி.”

“உள்ள வாங்க” என்றார்.

பட்டன் வேலை செய்வது தெரிந்த பிறகு பயம் கூடியது. அழுத்தத்தான் ஆள் இல்லை என்றாகிவிட்டதே. மீண்டும் அழுத்தப் போனபோது மிஸ்ஸிடமிருந்து அழைப்பு வந்தது. “நீங்க அடிச்சிட்டே இருந்தா வாறவங்களுக்கு லைன் கிடைக்காது மூர்த்தி. போனைச் சட்டைப் பைக்குள்ள போடுங்க” என்றார். கண்டியில் இருந்துகொண்டே அவருக்கு என்னைத் தெரியும்.

நான் உள்ளே வந்து உட்கார்ந்த சற்று நேரத்தில் மேசைப் போன் அடித்தது. என் இரண்டு கையும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் இருந்தன. முதலாளி எடுத்தார்.

“சொல்லுங்க... எப்பங்க வேணும்?” என்றார். கேட்டுக்கொண்டிருந்தார். முகம் மாறியது. “ஹந்தானையா? மேல் லயமா? லொறி வரும்ங்களா? சரிங்க. நீங்க உள்ள போங்க, நாங்க பாத்துக்குறோம்.” வைத்துவிட்டார்.

யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. பெரியண்ணன்தான் வாயைத் திறந்தார், தலைப்பாகையோடு நேரிலேயே வந்திருந்தார். “கட தொறந்த அன்னைக்கு, மொத போணியே சாவு வீடாடா?” என்றார். எல்லார் கண்ணும் என் மேல் விழுந்தது. நான் வரைந்த பட்டன். மேலே இருந்த முதல் பட்டன். அண்டாக்கள் எந்தப் பக்கம் வைத்திருக்கிறார்கள் என்று என் கண் தேடியது.

ராமையா முதலாளி எழுந்தார்.

“ரோட்டுல கட இல்லண்ணே. போர்ட் அந்தா சொவத்தப் பாத்து நிக்கிது. அப்பிடி இருந்தும் அந்த மனுசன் நம்மளக் கண்டுபுடிச்சிருக்காரு. போணி எதுவாவும் இருந்துட்டுப் போவட்டும்.” லொறிக்காரரின் பக்கம் திரும்பி, “ஏத்துங்க” என்றார்.

சரோஜாக்கா போய் லொறியின் முகப்பில் இருந்த செவ்வந்தி மாலையைக் கழற்றினார். கண்ணாடியில் இருந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தார்.

நானும் கதிரை ஏற்றினேன். லொறியிலும் ஏறிக்கொண்டேன். கடையில் பெரியண்ணனோடு தனியாக இருப்பதை விட அது பாதுகாப்பாகத் தோன்றியது என்பதுதான் காரணம், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை. ஹந்தானைப் பாதை ஏற ஏற போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் ஒரு கோடு. பெரியண்ணனின் நெற்றி நினைவுக்கு வந்தது.

லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீடுகளுக்கு முன்னால், கொட்டகையைக் கட்டினோம். கதிரைகளைக் கைமாற்றிக் கைமாற்றி இறக்கினோம். இறந்தவரின் மகன், முப்பது வயது மதிக்கலாம், டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலையாம், எங்களுக்குச் சாயத் தண்ணீர், பால் விடாத தேநீர், கொண்டுவந்து கொடுத்தார். எங்களை அழைத்த போன் கையில் இருந்தது, திரையில் ஒரு விரிசல். எனக்கு நாக்கு துடித்தது. பட்டன் கண்ணில் பட்டதா, படத்தைத் தொட்டீர்களா, எழுத்து போதுமா? கையில் இஞ்சி டொபி இல்லை. சாயத் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் நின்றேன்.

லொறிக்காரர்தான் கேட்டார். “கட மெயின் ரோட்டுல இருந்து மாறிருச்சே தம்பி, எப்படிப் புடிச்சீங்க?”

“கடப் பேரப் போட்டு போன்ல பாத்தேன்.”

நான் விழுங்கிவிட்டேன். “வெப்சைட்லயா?”

அவர் என்னைப் பார்த்தார். யோசித்தார். “தெரியலண்ணே. எப்ப வேணும்னு கேட்டுச்சு, அமத்துனேன். நீங்க வந்துட்டீங்க.”

குவளைகளை வாங்கிக்கொண்டு போனார். பிறகு நாங்கள் இறக்கிய கதிரைகளில் ஒன்றை எடுத்து உள்ளே கொண்டுபோய், அவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.